ஒரே பாட்டு, இரண்டு ரெக்கார்டு: மிக்ஸ் வித்தியாசத்தைக் காதால் பிடிப்பது எப்படி

பீட்டில்ஸின் 'லெட் இட் பி' 1970 மார்ச்சில் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டுக்கான சின்னத் தட்டாக, வந்தது. இரண்டு மாதம் கழித்து, மே மாதம், அதே பெயர் கொண்ட ஆல்பத்திலும் வந்தது. குரல் அதே குரல். பியானோ அதே பியானோ. அடிப்படைப் பதிவு 1969 ஜனவரி 31 அன்று லண்டனில் எடுத்த அதே டேக். ஆனாலும் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். பாதிப் பாட்டில் கிட்டார் தனியாக வாசிக்கும் இடத்தில் நிமிர்ந்து உட்காருவீர்கள். ஒன்றில் கிட்டார் நீருக்குள் அலைவது போல மெதுவாக வரும். இன்னொன்றில் கரகரவென்று பல்லைக் காட்டிக்கொண்டு வரும்.

ரெக்கார்டு கேட்கத் தொடங்கிய நண்பர்கள் இந்த இடத்துக்கு வந்ததும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "எது நல்லா இருக்கு?" அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்வேன். முதலில் கேட்க வேண்டியது, எதனால் வேறாகக் கேட்கிறது என்பது. மிக்ஸ் வேறாக இருக்கலாம். மாஸ்டரிங் வேறாக இருக்கலாம். தட்டு தேய்ந்திருக்கலாம், ஊசி அழுக்காக இருக்கலாம், பிளேயர் வேகமாகச் சுற்றலாம். ஒன்றின் வால்யூம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலே போதும், காது ஏமாந்துவிடும். இவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவதுதான் மிக்ஸ். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கழித்தலைப் பற்றியதுதான்.

மிக்ஸ் என்றால் என்ன

சேலத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். தட்டுவடை செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தட்டுவடை, நடுவில் துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், ஒரு காரச் சட்னி, ஒரு பச்சைச் சட்னி. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடை, அம்மாப்பேட்டையில் ஒரு கடை, இரண்டிலும் இதே பொருள்கள்தான். ஆனால் ஒருவர் கை பீட்ரூட்டை அள்ளிப் போடும், இன்னொருவர் கை காரச் சட்னியை இரண்டு முறை தடவும். வாயில் வைத்ததும் எந்தக் கடை என்று தெரிந்துவிடும். அந்தக் கைப்பக்குவம்தான் மிக்ஸ்.

'லெட் இட் பி' 8 டிராக் டேப்பில், அதாவது எட்டு ஒலிகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளும் டேப்பில், பதிவானது. பியானோ, குரல், டிரம்ஸ், கிட்டார், பில்லி பிரஸ்டனின் ஆர்கன், பிறகு சேர்த்த பித்தளை வாத்தியங்கள், பின்குரல்கள் எல்லாம் அந்த 8 டிராக்குகளுக்குள் அடங்கின. எதை எவ்வளவு சத்தமாக வைப்பது, இடப்பக்கமா வலப்பக்கமா, எதற்கு எதிரொலி சேர்ப்பது, எதை வாயடைத்து வைப்பது என்று முடிவு செய்து, எல்லாவற்றையும் இரண்டு டிராக்காக (அது ஸ்டீரியோ, மோனோவானால் ஒன்றாக) இறக்குவது மிக்ஸிங். சிங்கிளுக்குத் தயாரிப்பாளராகப் பெயர் போட்டிருப்பது ஜார்ஜ் மார்ட்டின். ஆல்பத்துக்கு ஃபில் ஸ்பெக்டர்.

மாஸ்டரிங் அதற்கு அடுத்த கட்டம். மிக்ஸ் செய்து முடித்த டேப்பை எடுத்து, தடம் வெட்டுவதற்கு ஏற்றபடி மொத்தமாக பேஸ், ட்ரெபிள், சத்த அளவு ஆகியவற்றைச் சரிசெய்வது. இந்தக் கட்டத்தில் கிட்டாரை மட்டும் தனியாக மேலே தூக்க முடியாது. பூசினால் தட்டு முழுவதுக்கும்தான் பூசலாம். அப்புறம் பிரஸ்ஸிங், அதாவது உலோக அச்சில் வைத்து வினைலை அழுத்தி எடுப்பது.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் கடையில் பணம் மிச்சமாகும். அட்டை மீது 'ரீமாஸ்டர்' என்று ஸ்டிக்கர் இருந்தால் அது பழைய மிக்ஸேதான், புதுப் பூச்சு. 'ரீமிக்ஸ்' என்றிருந்தால் டிராக்குகளைத் திரும்பப் பிரித்துப் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். 2012இல் வந்த பீட்டில்ஸ் ஸ்டீரியோ எல்பிகள் (முழு ஆல்பத்துக்கான பெரிய தட்டுகள்) 2009 ரீமாஸ்டரிலிருந்து வெட்டியவை. அவற்றில் உள்ள 'லெட் இட் பி' ஆல்பம் ஸ்பெக்டரின் மிக்ஸ்தான். 2021இல் ஜைல்ஸ் மார்ட்டினும் சாம் ஓகெல்லும் செய்தது ரீமிக்ஸ். நடுவில் 2003இல் ஸ்பெக்டர் சேர்த்ததையெல்லாம் களைந்துவிட்டு இன்னொரு மிக்ஸ் வந்தது. ஆக, இந்த ஒரு பாட்டுக்கே அதிகாரபூர்வமாக நான்கு முகம். புதியவர்களுக்கு இதை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் அதுதான். வித்தியாசம் பெரிது, தேடினால் தட்டும் கிடைக்கும். பழைய சிங்கிள் கிடைக்காவிட்டால் கவலையில்லை. 1973இல் வந்த நீல அட்டை இரட்டை எல்பித் தொகுப்பில் இருப்பது சிங்கிள் மிக்ஸ்தான்.

கையில் இருப்பது எந்தத் தட்டு

அட்டையை நம்பாதீர்கள். இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன் தபாலில் வரவழைத்த ஓர் எல்பியின் அட்டையில் ஸ்டீரியோ என்று இருந்தது. ஒரு வாரம் அதை 'ஸ்டீரியோ மிக்ஸ்' என்று நினைத்துக் குறிப்பெல்லாம் எழுதினேன். ஒருநாள் பேலன்ஸ் குமிழை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கிறேன், இரண்டு பக்கமும் அச்சு அசல் ஒரே ஒலி. உள்ளே இருந்தது மோனோ தட்டு. ஐம்பது வருடத்தில் எத்தனை வீடு மாறியதோ, எந்த வீட்டில் அட்டை மாறியதோ.

பார்க்க வேண்டியது லேபிளை. அதைவிட முக்கியம், பாட்டு முடியும் தடத்துக்கும் லேபிளுக்கும் நடுவில் உள்ள வழவழப்பான வளையம். அங்கே வெட்டும்போதே பொறித்த எண் இருக்கும். மேட்ரிக்ஸ் எண் என்பார்கள். டார்ச்சைச் சாய்த்து அடித்தால்தான் கண்ணுக்குத் தெரியும். பீட்டில்ஸின் பிரிட்டிஷ் எல்பிகளில் அந்த எண் 'எக்ஸ்இஎக்ஸ்' என்று தொடங்கினால் மோனோ, 'ஒய்இஎக்ஸ்' என்று தொடங்கினால் ஸ்டீரியோ. எண்ணுக்குப் பின்னால் கோடு போட்டு 1, 2 என்று இருப்பது எத்தனையாவது வெட்டு என்பதைச் சொல்லும். அதே வளையத்தில் தனியாக ஓரிரு ஆங்கில எழுத்துகள் இருக்கலாம். இங்கிலாந்தின் ஹேய்ஸ் ஆலையில் கிராமஃபோன் லிமிடெட் என்ற பெயரைச் சுருக்கி, அதன் 10 எழுத்துகளை 1 முதல் 9, பிறகு 0 என்று வைத்து அச்சுகளுக்கு எண் கொடுத்தார்கள். ஜி என்றால் 1, ஆர் என்றால் 2, ஏ என்றால் 3. எண் சிறியதாக இருந்தால் அந்த அச்சு வரிசையில் முன்னால் வந்தது என்று அர்த்தம்.

நம்மூர் வீடுகளில் கிடைப்பவை பெரும்பாலும் கல்கத்தா டம்டம்மில் அழுத்திய இந்தியத் தட்டுகள். அவற்றை யாராவது குறைத்துப் பேசினால் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். மிக்ஸை ஒப்பிடுவதற்கு அவை தாராளமாகப் போதும். கிட்டார் சோலோ மாறியிருக்கிறதா என்று பார்க்க பளபளக்கும் தட்டு தேவையில்லை.

சுத்தம், ஊசி

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். சேலத்துக் குழாய்த் தண்ணீரைத் தட்டில் காட்டாதீர்கள், உப்பு படியும். டிஸ்டில்ட் வாட்டரில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சிறிது கலந்து, மைக்ரோஃபைபர் துணியால், தடம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள். இது வினைலுக்கு மட்டும். பாட்டி காலத்து 78 வேகத் தட்டுகள் அரக்கு. ஆல்கஹால் பட்டால் கரைந்துவிடும்.

மலையில் வைத்திருந்த தட்டுகளுக்குக் கூடுதலாக ஒரு கவனம் தேவை. ஏற்காட்டு ஈரத்தில் உறைக்குள்ளேயே பூஞ்சை படரும். வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். கேட்கும்போது சடசடவென்று ஒலிக்கும், அதைத் தேய்மானம் என்று நினைத்துவிடுவோம். துடைத்து, நிழலில் உலர்த்தி, புது உறையில் போட்டுவிட்டு மறுபடி கேளுங்கள். பாதிச் சத்தம் போயிருக்கும்.

ஊசி அழுத்தம் உங்கள் கார்ட்ரிட்ஜுக்கு (ஊசியைத் தாங்கும் பகுதிக்கு) எத்தனை கிராம் என்று அதன் பெட்டியில் போட்டிருக்கும், பெரும்பாலும் 2 கிராமைச் சுற்றி. அதன்படி வையுங்கள். சூட்கேஸ் மாதிரி மடக்கும் பிளேயர்களில் ஒப்பிட வேண்டாம். பாட்டு கேட்கலாம், ஆனால் ஹை-ஹாட்டின் (டிரம்ஸில் ஜோடியாக இருக்கும் ஜால்ராவின்) எதிரொலி போன்ற சின்ன விஷயங்கள் அதில் காணாமல் போய்விடும்.

வேகத்தைச் சோதியுங்கள்

பலர் விட்டுவிடும் படி இது. எனக்கு மிகப் பிடித்த படியும் இதுதான், ஏனென்றால் இதற்குக் காசே வேண்டாம். தட்டின் ஓரத்தில் சின்னக் காகிதத் துண்டை ஒட்டுங்கள். போனில் ஸ்டாப்வாட்சை ஓட விடுங்கள். 33⅓ வேகத்தில் சரியாக 100 சுற்று 3 நிமிடத்தில் முடிய வேண்டும். 45 வேகம் என்றால் 135 சுற்று. 100 சுற்று 178 நொடியில் முடிந்தால் உங்கள் பிளேயர் ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் வேகமாக ஓடுகிறது.

ஸ்ட்ரோப் தாள் கிடைத்தால் இன்னும் நல்லது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 33⅓க்கு 180 கோடு உள்ள வளையம் வேண்டும். தட்டின் மேல் வைத்து பழைய சோக் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தால், வேகம் சரியாக இருக்கும்போது கோடுகள் அப்படியே நிற்கும். முன்னே நகர்ந்தால் வேகம் அதிகம், பின்னே நகர்ந்தால் குறைவு. எல்இடி விளக்கில் இது சரியாகத் தெரியாமல் போகலாம்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? பீட்டில்ஸின் 1967 ஆல்பமான 'சார்ஜெண்ட் பெப்பர்'இல் 'ஷீ'ஸ் லீவிங் ஹோம்' என்று ஒரு பாட்டு. அதன் மோனோ மிக்ஸ் ஸ்டீரியோவைவிட வேகமானது, சுருதியும் ஏறத்தாழ அரை ஸ்வரம் மேலே. ஆர்மோனியம் தெரிந்தவர்களுக்கு நம் கணக்கில் சொல்வதானால், ஸ்டீரியோவில் 3 கட்டை, மோனோவில் 4 கட்டையை ஒட்டி. சுருதிப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள். 3 கட்டையில் ஸ்டீரியோ போய் உட்காரும், மோனோ அதில் சேரவே சேராது. இப்போது உங்கள் பிளேயர் 3 சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று வையுங்கள். அரை ஸ்வரத்தில் பாதி அங்கேயே போயிற்று. ஸ்டீரியோவும் 3 கட்டையில் நிற்காது. மிக்ஸ் செய்தவர் ஏற்றிய சுருதி எது, உங்கள் மோட்டார் ஏற்றியது எது என்று சொல்ல முடியாமல் போய்விடும்.

வால்யூமைச் சமன் செய்யுங்கள்

ஒரே ஒலியை இரண்டு முறை போட்டு, இரண்டாவது முறை ஒரு டெசிபல் மட்டும் கூட்டிப் பாருங்கள். சத்தம் கூடியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "இதுல தெளிவா இருக்கு", "பேஸ் நல்லா விழுது" என்பார்கள். காதின் இயல்பு அப்படி. இரண்டு தட்டுகள் ஒரே சத்தத்தில் வெட்டப்பட்டிருப்பது அபூர்வம். அதனால் குமிழை ஒரே இடத்தில் வைத்துவிட்டு ஒப்பிட்டால் அது ஒப்பீடே இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். போனில் ஒலியளவு காட்டும் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் உட்காரும் நாற்காலியில், தலை இருக்கும் உயரத்தில் போனை வையுங்கள். எண் சரியா தப்பா என்பது முக்கியமில்லை, இரண்டு தட்டுக்கும் ஒரே எண் வர வேண்டும், அவ்வளவுதான். அளக்க ஒரே இடத்தைத் தேர்ந்தெடுங்கள். 'லெட் இட் பி'யில் என்றால் தொடக்கத்துப் பியானோவும் முதல் வரிகளும். சோலோவை வைத்து அளக்கக் கூடாது, அங்கேதான் மிக்ஸ்கள் மாறுகின்றன. முதல் தட்டுக்குக் குமிழ் நிற்கும் இடத்தில் ஒரு துண்டு பேப்பர் டேப், இரண்டாவது தட்டுக்கு நிற்கும் இடத்தில் இன்னொன்று. தட்டு மாற்றும்போதெல்லாம் டேப் பார்த்துத் திருப்பினால் போதும்.

மின்விசிறியை அணைக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? சொல்லத்தான் வேண்டும். சித்திரை மாதத்துச் சேலத்தில் ஃபேன் இல்லாமல் பத்து நிமிடம் உட்கார முடியாது. ஃபேன் ஓடினால் டிரம்ஸின் மெல்லிய ஒலிகள் அதில் முங்கிவிடும். நான் இரண்டு வழி வைத்திருக்கிறேன். ஒன்று, விடியற்காலை 5 மணி. அஸ்தம்பட்டிப் பக்கம் பஸ் சத்தம் தொடங்குவதற்கு முன் முக்கால் மணி நேரம் கிடைக்கும். இன்னொன்று, தட்டுகளை எடுத்துக்கொண்டு ஏற்காடு போய்விடுவது. என் சித்தப்பா அங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் ஒரு பழைய ஆம்ப், கனமான ஒரு ஜோடி ஸ்பீக்கர், ஃபேனே கிடையாது. மாலையில் மூடுபனி இறங்கினால் சில்வர் ஓக் மரங்களே கண்ணுக்குத் தெரியாது, வெளிச்சத்தமும் வராது. மழை வந்தால் மட்டும் நிறுத்திவிட வேண்டும், ஓட்டுக்கூரை.

எதைக் கேட்பது

முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு "வேற மாதிரி இருக்கு" என்று சொல்வதில் பயனில்லை. ஒரு முறை போட்டால் ஒரே ஒரு வாத்தியத்தை மட்டும் பின்தொடருங்கள். நம் கச்சேரிகளில் மிருதங்கத்தை மட்டும் கேட்டுக்கொண்டு உட்காருவோமே, அப்படி.

'லெட் இட் பி'யில் நான் வைத்திருக்கும் வரிசையைச் சொல்கிறேன். முதல் சுற்றில் கிட்டார் சோலோ. இரண்டையும் வாசித்தவர் ஜார்ஜ் ஹாரிசன்தான். சிங்கிளில் உள்ளது 1969 ஏப்ரல் 30 அன்று வாசித்தது, லெஸ்லி என்ற சுழலும் ஸ்பீக்கர் வழியாக வந்தது. அந்த அலையும் ஒலி அதனால்தான். ஆல்பத்தில் உள்ளது 1970 ஜனவரி 4 அன்று வாசித்தது, கரகரப்பானது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இது சத்தம் கூட்டிக் குறைத்த வித்தியாசம் அல்ல, வாசிப்பே வேறு. ஸ்வரங்களே வேறு. எந்த மாஸ்டரிங்கும் இதைச் செய்ய முடியாது. ஆகவே ஒரு தட்டில் எந்த மிக்ஸ் இருக்கிறது என்று கண்டுபிடிக்க இந்தப் பத்திருபது நொடி போதும்.

இரண்டாவது சுற்றில் பித்தளை வாத்தியங்கள். சிங்கிளில் அவை பின்னால் ஒதுங்கி நிற்கும், கூர்ந்து கேட்டால்தான் தட்டுப்படும். ஆல்பத்தில் ஸ்பெக்டர் முன்னால் கொண்டுவந்துவிட்டார். கடைசிப் பகுதியில் மார்பில் வந்து மோதும். மூன்றாவது சுற்றில் முடிவு. ஆல்பத்தில் கடைசிப் பல்லவி ஒரு முறை கூடுதலாக வரும். அதனால் ஆல்பப் பாட்டு பத்து நொடிக்கு மேல் நீளம்.

நான்காவதை நான் கண்டுபிடிக்கவில்லை. சித்தப்பா வீட்டில் ஒருநாள் சாயங்காலம், என் அக்கா மகள் தரையில் உட்கார்ந்து பள்ளிக்கூட வேலை செய்துகொண்டிருந்தாள். இந்த இசையெல்லாம் அவளுக்குப் பழக்கமில்லை. நான் ஆல்பத்தைப் போட்டுவிட்டு சோலோவுக்காகக் காத்திருக்கிறேன். இரண்டாவது சரணத்தில், ரிங்கோ ஸ்டாரின் ஹை-ஹாட் நுழையும் இடத்தில், தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"மாமா, அந்த ஜால்ரா ரெண்டு ரெண்டா கேக்குது. மொதல்ல போட்டதுல ஒண்ணு ஒண்ணாத்தானே கேட்டுச்சு?"

ஊசியைத் தூக்கி மறுபடி அதே இடத்தில் வைத்தேன். ஆமாம். ஸ்பெக்டர் அந்த ஹை-ஹாட்டுக்கு எதிரொலி கொடுத்திருக்கிறார். 'ட்சி' என்று ஒன்று விழுந்தால் அதன் நிழல் மாதிரி இன்னொன்று பின்னாலேயே வருகிறது. சிங்கிளைப் போட்டால் வெறும் 'ட்சி', காய்ந்த ஒலி. எத்தனையோ முறை கேட்ட பாட்டு. நான் எப்போதும் குரலையும் கிட்டாரையும்தான் கேட்டிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதிலிருந்து புதிதாக ஒரு பாட்டை ஒப்பிடும்போது, அந்தப் பாட்டையே அறியாத ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறேன். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

ஆம்பில் பேலன்ஸ் குமிழ் இருந்தால் அது பெரிய வரம். முழுக்க இடப்பக்கம் திருப்பி ஒரு முறை, வலப்பக்கம் திருப்பி ஒரு முறை கேளுங்கள். எந்த வாத்தியத்தை எங்கே உட்கார வைத்தார்கள் என்பது வெட்டவெளிச்சமாகிவிடும். இரண்டு பக்கமும் கலந்து வரும்போது மறைந்திருந்த பின்குரல்கள்கூட ஒரு பக்கத்தை அடைத்தால் வெளியே வரும்.

குறிப்பு எழுதும்போது 'இதமாக', 'உயிரோட்டமாக' போன்ற சொற்களை ஒதுக்கிவிடுங்கள். எந்தச் சரணம், எந்த வாத்தியம், என்ன மாறியது என்று மட்டும் எழுதுங்கள். "2ஆம் சரணம், ஹை-ஹாட், எதிரொலி உண்டு" என்று எழுதினால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தாலும் புரியும், இன்னொருவர் கேட்டும் சரிபார்க்கலாம்.

தட்டில் பாட்டு இருக்கும் இடம்

இதைத் தெரியாமல் ஸ்பெக்டரைத் திட்டியவர்களை எனக்குத் தெரியும். "ஆல்பத்துல 'ஸ' வர்ற இடமெல்லாம் கிழியுது, மிக்ஸ் சரியில்ல" என்பார்கள். 12 அங்குலத் தட்டின் வெளியோரத்தில் தடம் ஊசிக்குக் கீழே நொடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது அது சுமார் 21 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். சுற்றும் வேகம் ஒன்றுதான், ஆனால் வட்டம் சிறிதாகிவிட்டதல்லவா. அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுத வேண்டியிருக்கிறது. ஊசி அந்த நெளிவுகளைச் சரியாகத் தொடர முடியாமல் திணறும். 'ஸ' ஒலியிலும் ஜால்ராவிலும்தான் அது முதலில் தெரியும்.

ஆல்பத்தில் 'லெட் இட் பி' முதல் பக்கத்தின் கடைசிக்கு முந்தைய பாட்டு. அதற்குப் பிறகு ஒரு துக்கடா மட்டும்தான். அதாவது லேபிளுக்கு வெகு அருகில். சிங்கிளோ 45 வேகத்தில் ஓடும் 7 அங்குலத் தட்டு. பாட்டு தொடங்கும் இடத்தில் தடத்தின் வேகம் நொடிக்கு 39 சென்டிமீட்டர் அளவுக்கு இருக்கும். ஆக 'ஸ' கிழிந்தால் அது ஸ்பெக்டரின் குற்றமா, இடத்தின் குற்றமா என்று சோதியுங்கள். அதே பக்கத்தின் முதல் பாட்டைப் போட்டு, அங்கே 'ஸ' சுத்தமாக இருக்கிறதா பாருங்கள். சுத்தமாக இருந்தால் இடத்தின் மீதுதான் முதல் சந்தேகம். கார்ட்ரிட்ஜ் கோணத்தை அளவுத்தாள் வைத்துச் சரிசெய்தால் இந்தக் கிழிசல் நன்றாகக் குறையும்.

மோனோவும் ஸ்டீரியோவும்

1960களில் பிரிட்டனில் மோனோதான் பிரதானம், வீடுகளில் இருந்தது மோனோ பிளேயர்கள். அதனால் 'சார்ஜெண்ட் பெப்பர்' வரை மோனோ மிக்ஸுக்குத்தான் இசைக்குழு கூட இருந்து நேரம் செலவழித்தது. ஸ்டீரியோ பின்னால், குறைந்த நேரத்தில் முடிக்கப்பட்டது. 1968 வெள்ளை ஆல்பத்திலும் இரண்டும் உண்டு. அதில் 'ஹெல்டர் ஸ்கெல்டர்' ஸ்டீரியோவில் ஒலி அடங்கி, மறுபடி எழும்பி வந்து, கடைசியில் ஒரு கத்தலோடு முடியும். மோனோவில் அந்த இரண்டாம் எழுச்சியும் இல்லை, கத்தலும் இல்லை. கிட்டத்தட்ட ஒரு நிமிடம் குறைவு.

மோனோ தட்டை ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் போடலாம், தப்பில்லை. ஆனால் ஆம்பில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்திவிடுங்கள். மோனோ தடத்தில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது. தூசியும் கீறலும் ஊசியை மேலும் கீழும் தட்டுகின்றன. பொத்தானை அழுத்தினால் அந்த மேல்-கீழ் ஒலி ரத்தாகி, சடசடப்பு சட்டென்று குறையும். இதைச் செய்யாமல் மோனோவை ஸ்டீரியோவோடு ஒப்பிட்டால் மோனோவுக்கு அநியாயம்.

கண்ணை மூடிக்கொண்டு ஒரு தேர்வு

சோலோ மாறுவது போன்ற பெரிய வித்தியாசத்துக்கு இது தேவையில்லை. ஆனால் ஒரே மிக்ஸின் இரண்டு பிரஸ்ஸிங்குகள், அல்லது பழைய வெட்டும் ரீமாஸ்டரும் என்று நுணுக்கமாகப் போகும்போது கட்டாயம் செய்யுங்கள். வீட்டில் யாரையாவது தட்டு மாற்றச் சொல்லிவிட்டு முதுகைக் காட்டி உட்காருங்கள். எதைப் போட வேண்டும் என்பதை அவர்கள் காசு சுண்டி முடிவு செய்யட்டும். 10 முறை. குத்துமதிப்பாகச் சொன்னாலே 5 சரியாக வந்துவிடும், அதனால் 6, 7 எல்லாம் கணக்கில் வராது. 9 சரியாக வந்தால் நம்பலாம். தற்செயலாக அப்படி வர வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான்.

ஒரு சிக்கல் உண்டு. தட்டுக்குத் தட்டு கீறல் ஒலி வேறு. இசையைக் கேட்காமல் கீறலைக் கேட்டே கண்டுபிடித்துவிடுவோம். அதனால் இரண்டிலும் சுத்தமாக இருக்கும் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி இறங்கும் ஒலி கேட்காமலிருக்க, ஊசியை வைத்த பிறகே குமிழை டேப் வரை ஏற்றச் சொல்லுங்கள்.

கம்ப்யூட்டரில் பதிவு செய்து அடுத்தடுத்து வைத்துக் கேட்பதும் நல்ல வழி. ஆடாசிட்டி இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து மிச்சத்தைக் கேட்கும் தந்திரம் தட்டுகளுக்கு வேலை செய்யாது. பிளேயரின் வேகம் நொடிக்கு நொடி மயிரிழை அளவு ஆடிக்கொண்டே இருப்பதால் இரண்டு பதிவுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தி உட்காராது.

மலையிறங்கும்போது

நீங்களும் ஏற்காட்டுக்குத் தட்டு கொண்டுபோய்க் கேட்கும் திட்டத்தில் இருந்தால் இதையும் சொல்லிவிடுகிறேன். தட்டுகளைப் படுக்கப் போடாதீர்கள். செங்குத்தாக நிறுத்தி, முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவில் இறுக்கமாக வையுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் சரிந்துகொண்டே வந்தால் உறையின் விளிம்பு கிழியும், தட்டு ஒன்றோடொன்று உரசும். டிக்கி வேண்டாம், அங்கே சூடு அதிகம்.

ஒரு மே மாதம் இறங்கி வந்து, மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டி ஓரிடத்தில் சாப்பிட நிறுத்தினேன். அரை மணி நேரம்தான். வெயிலில் நின்ற காருக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டிவிடும், வினைல் இளகுவதற்கு அது போதும். சித்தப்பாவிடம் இரவல் வாங்கி வந்த அந்த ஆல்பம், ஓரத்தில் அலை மாதிரி வளைந்துவிட்டது. இப்போது அதன் முதல் பாட்டில் ஊசி ஏறி இறங்குகிறது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் மனசு கேட்கவில்லை. சாப்பாடு, டீ எல்லாம் மலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் தட்டுகளை இறக்குங்கள், அரை மணி நேரம் நிழலில் ஆற விட்டு, அப்புறம் உறையைப் பிரியுங்கள்.